சொல்நடை மட்டும்

திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று போடலாம். திருப்பிக் கொடுக்கும் அவசியம் எழாது என்றும் போடலாம், அது இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது, யார் கண்ணையும் உறுத்தாது, என்றைக்கும் அந்த இடத்திலேயே இருந்த வாக்கியம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடியில் நான் ஒட்டிய கறுப்புத் தாளில் எங்கோ ஒரு ஓட்டை, அது வழியாக வெயில் உள்ளே வந்து லேப்டாப்பின் மேல் ஒரு பொட்டாகக் கிடக்கிறது, விரலை வைத்தால் விரல்மேல் ஏறிக்கொள்கிறது. மணி பதினொன்றரை. ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குப் பகல் பதினொன்றரை என்பது நட்டநடு ஜாமம். ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி கணபதியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது, ஆறு மணிக்குப் படுத்தேன், எட்டரைக்குச் சுகந்தி ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கிளம்பியபோது நான் தூங்குவதாக நினைத்துக் கதவை மெதுவாகச் சாத்தினாள், நானும் தூங்குகிற ஆளாக மூச்சை இழுத்து விட்டேன். நாற்பத்தேழு வயதில் பெண்டாட்டியிடம் தூங்குவதாக நடிப்பது. மத்தியானம் இரண்டு மணிக்குள் இந்த ஒரு பத்தி வெளியாக வேண்டும். நேற்று சாயங்காலம் ஷிப்டுக்குள் நுழையும்போதே கிருபாகரனின் மெயில் இருந்தது, என் மேலாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் இல்லை. ‘கனகசபை சார், நினைவகக் கையேட்டில் நாலு புள்ளி மூன்றாம் பகுதி கொஞ்சம் குழப்புகிறதாம். வேர்டிங்கை மட்டும் இம்ப்ரூவ் பண்ணி நாளை இரண்டு மணிக்குள் ரிலீஸ் செய்துவிடுங்கள், மீட்டிங்கில் காட்ட வேண்டும்.’ வேர்டிங்கை மட்டும். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்கள் கம்பெனியில் ஒரு ஏற்பாடு உண்டு, நிரல் எழுதுகிறவர்களுக்காக நான் எழுதுகிற கையேட்டில் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் வெளியிடும் முன் ஒரு கட்டம் வந்து நிற்கும்: சொல்நடை மட்டுமா, பொருள் திருத்தமா? சொல்நடை மட்டும் என்று தொட்டால் அதோடு சரி, இன்னொரு கண் அதைப் பார்க்காது, ஒருத்தருக்கும் தகவல் போகாது, பழைய பத்தியின் மேல் புதிய பத்தி சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொள்ளும். பொருள் திருத்தம் என்று தொட்டால் இன்னும் மூன்று கட்டங்கள் திறக்கும். என்ன தவறு, எந்தப் பதிப்பிலிருந்து, யாரால். நிரப்பி அனுப்பினால் அந்தக் கையேட்டை வைத்து வேலை செய்கிற நூற்று நாற்பது பேருக்கும் மெயில் போகும். பதினொரு வருடத்தில் பொருள் திருத்தம் என்பதை எத்தனையோ முறை தொட்டிருக்கிறேன், எல்லாம் பிறத்தியார் செய்த தவறுக்கு. ‘யாரால்’ என்கிற கட்டத்தில் அவர்கள் பெயரைத் தேடி எடுத்துப் போடும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு இருக்கும், அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்.

திருப்பிக் கொடுக்கும் அவசியம் எழாது. அழகாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் மண்டைக்குள் முதலில் தமிழில் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகும், அதுவும் வெளியே தெரியாத விஷயங்களில் ஒன்று. கம்ப்யூட்டர் நிரல் எதைச் செய்வதானாலும் அதற்கு மெமரியில் இடம் வேண்டும். கேட்கும், கொடுக்கப்படும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அந்த இடம் வேறொன்றுக்குப் போகும். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் கூட்ட பஸ் வந்து நிற்கும்போது வெளியே இருந்தபடியே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அப்படித்தான் எனக்கு அது புரிந்தது, அதுவும் போன வாரம்தான் புரிந்தது. துண்டு போட்டாய், உட்கார்ந்தாய், இறங்கும்போது துண்டை எடுத்துக்கொண்டு போனாய், சரி. இறங்கிப் போனவன் திரும்பி வந்து அதே சீட்டிலிருந்து மறுபடி ஒரு துண்டை எடுத்தால்? அந்தத் துண்டு இப்போது வேறொருத்தனுடையது. அவன் டீ குடித்துவிட்டு ஏறி வருவதற்குள் காலி சீட் என்று மூன்றாம் ஆள் உட்கார்ந்திருப்பான். ஒரே சீட்டுக்கு இரண்டு பேர், இரண்டு பேருமே நியாயஸ்தர்கள். ஒரு இடத்தை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தால் கம்ப்யூட்டருக்குள் நடப்பது இதுதான். உடனே எதுவும் ஆகாது, நாள் கணக்கில் ஓடும், பிறகு ஒரு நாள் எங்கேயோ என்னவோ ஆகும். எங்கள் கம்பெனி எழுதிவைத்த நிரல் தொகுப்பில் ஒரே ஒரு வழியாக வாங்கும் இடத்தை மட்டும் தொகுப்பே திருப்பிக் கொடுத்துவிடும், வாங்கியவர் கொடுக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் வாங்கியவரே கொடுக்க வேண்டும். இந்த விதிவிலக்கை நாலு புள்ளி மூன்றில் தேவசகாயம் என்கிற பழைய என்ஜினியர் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதுகிற ஆங்கிலம் கல்லும் மண்ணுமாக இருக்கும். அந்த வாக்கியத்தில் மூன்று இடத்தில் கூடாது, நடுவில் ஒரு அடைப்புக்குறி, அதற்குள் மறுபடி கூடாது. கேண்டீனில் அதைப் படித்துக் காட்டி, ‘இதைச் சத்தம் போட்டுப் படிச்சா பல்லு ஆடும்ங்க’ என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த மேசையில் தேவசகாயம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார், காது மந்தம் என்று சொல்வார்கள், இருக்கட்டும். போன வருஷம் செப்டம்பரில், ஆறாவது பதிப்பு வேலையில், அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மேலே இருந்த பொது விதியும் இதுவும் ஒன்றையே இரண்டு முறை சொல்வதாக எனக்குத் தோன்றியது. வாங்குவது, கொடுப்பது, கொடுக்கக் கூடாது, எல்லாம் ஒரே பேச்சு. எடுத்ததும் பத்தி எவ்வளவு சுத்தமாக இருந்தது! தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பிறகு சொல்நடை மட்டும் என்பதைத் தொட்டேன்.

தேவசகாயத்தைக் கேட்டிருக்கலாம். நாலு நாற்காலி தள்ளித்தான் இருந்தார், டிசம்பரில்தான் ஓசூருக்குப் போனார். கேட்டால், இத்தனை வருஷம் இதுகூடத் தெரியாமலா இந்தக் கையேட்டைக் கையில் வைத்திருந்தாய் என்று ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரு கூட்டத்தில் வெள்ளைக்காரர் ஒருத்தர் திரையிலிருந்து என்னைப் பார்த்து, மெமரி எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குப் பழக்கம்தானே என்று கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல், அரை நொடிகூட இருக்காது. அந்த அரை நொடியைக் காப்பாற்றத்தான் பிறகு பதினொரு வருஷம் பாடுபட்டேன் போலிருக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன் என்பதை யாரிடமும் பொய் சொல்லி மறைத்ததில்லை, யாரும் கேட்கவில்லை, கேட்காதபடி பார்த்துக்கொண்டேன், பேச்சு காலேஜ் பக்கம் திரும்பினால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போவேன். பாட்டில் நிரம்பியே இருக்கும், கொட்டிவிட்டுப் பிடிப்பேன். ‘சுகந்தீ, மோட்டார் போட்டாச்சுங்க, தண்ணி புடிச்சுக்கோங்க!’ மேலே ருக்குமணியக்கா, வீட்டுக்காரம்மா, சுகந்தி வேலைக்குப் போனது மறந்துவிட்டிருக்கும். கேட்டுக்கு வெளியே பூக்காரி. ‘அந்தம்மா இல்லீங்களா? அவுரு இருக்காராட்ட இருக்குது, செருப்புக் கெடக்குது.’ ‘அவுரு தூங்குவாரு. ராத்திரி வேலைங்க, கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதறாராம்.’ ‘ராத்திரியெல்லாம் ஒக்காந்து எழுதற அளவுக்கு அப்படி என்னங்க இருக்குது?’ ‘அதத்தான் நானும் கேக்கறேன்.’ இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் சிரிப்பில் தப்பில்லை. தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம், முதலில் தகரத்தில் அடிக்கிற மாதிரி, பிறகு தண்ணீரின்மேல் தண்ணீராக, கனத்துக் கனத்து.

எங்கள் ஆபீஸ் நிலோஃபர் சொன்னாள், அங்கே உள்ளே போனதும் முதலில் சத்தம் இல்லாததுதான் தெரிந்தது என்று. பல்லடம் பக்கம் ஒரு ஹேச்சரி, கோழிமுட்டையைப் பெரிய பெரிய பெட்டிகளில் அடுக்கிச் சூட்டில் வைத்துப் பொரிக்க வைக்கிற இடம். இருபத்தொரு நாள். சூடு முப்பத்தேழரைக்கு மேலும் கீழும் போகாமல் பார்த்துக்கொள்கிற கருவி எங்களுடையது, அதற்குள் ஓடுகிற நிரலை எழுதியவள் நிலோஃபர். ஜனவரியில் அந்தக் குழுவுக்கு மாறினாள், தேவசகாயத்தின் வாக்கியத்தை அவள் பார்த்ததே இல்லை, நான் சுத்தம் செய்த பத்தியைத்தான் பார்த்தாள். அதில் சொன்னபடி, வாங்கிய இடத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாள். தொகுப்பும் கொடுத்தது. பதினெட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பதாம் நாள் கருவியின் முகத்தில் முப்பத்தேழரை என்று வந்த எண் அப்படியே நின்றுவிட்டது, அபாய மணி அடிக்கவில்லை, பெட்டிக்குள் சூடு நாற்பத்தொன்றைத் தாண்டிப் போயிற்று. ‘பத்தொம்பது நாள்னா குஞ்சு முழுசா ஆகியிருக்கும்ணா. கொத்தறதுக்கு அலகு நுனியில வெள்ளையா ஒரு புள்ளி வந்திருக்கும். அவுங்க ஒண்ண ஒடச்சுக் காட்டுனாங்க. எனக்குக் காட்டணும்னு இல்ல, என்னன்னு பாக்கறதுக்கு. நான்தான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்.’ போன வெள்ளிக்கிழமை நான் ஷிப்டுக்கு வரும்போது லிஃப்ட் வாசலில் நின்று இதைச் சொன்னாள். நாற்பத்திரண்டாயிரம் முட்டை. நான் என்ன செய்தேன் என்றால், அடடா என்றேன். அதற்கப்புறம் என் இருக்கைக்குப் போய் ஆறாவது பதிப்பைத் திறந்து பார்த்தேன். அப்போதே தெரிந்துவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்றைக்குப் புதன், ஆறு நாளாக எனக்குத் தெரியும். ஆறு நாளும் சாப்பிட்டேன், ஷேவ் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தேன். ஒருவேளை நிரலில் வேறு பிழை ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன், அப்படி ஒன்று வெளிவந்தால் நல்லது என்று பாத்ரூமில் நின்று நினைத்தேன், அந்தப் பெண்ணிடம் வேறொரு தப்பு இருக்கக் கடவது என்று. இப்போது இரண்டு மணிக்குக் கூட்டம். நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒரு தாள் தயாராகியிருக்கிறது, அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள், அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவள். கையெழுத்துப் போட்டால் இந்த மாதத்தோடு முடிந்தது. கையேட்டின் வாசகம் மெருகேற்றப்பட்டது என்று அதே கூட்டத்தில் கிருபாகரன் காட்டுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள், நான் செய்த மெருகு.

போன் அதிர்கிறது, தலையணைக்கடியில் இருந்து. நிலோஃபர். பன்னிரண்டே முக்கால். எடுக்காமல் விட்டுவிடலாம், தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாள், ராத்திரிக்காரனுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டு. எடுத்தேன்.

‘அண்ணா, தூங்கிட்டு இருந்தீங்களா? சாரிங்ண்ணா.’

‘இல்லம்மா, சொல்லு.’

‘ஒண்ணுமில்லீங்ண்ணா. நாலு புள்ளி மூணை மறுபடி படிச்சேன். பதினோரு தடவ படிச்சிட்டேன். எங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. வாங்குனவங்க கொடுக்கணும்னு போட்டிருக்கு, கொடுத்தேன். அதுல வேற என்ன இருக்கு? நீங்க அதைப் படிச்சு எங்க விட்டேன்னு மட்டும் சொல்லுங்ண்ணா, நான் கையெழுத்துப் போட்டர்றேன். என்ன தப்புன்னு தெரியாம போடறதுதான் ஒரு மாதிரி இருக்கு.’

‘கிருபாகரன் என்ன சொல்றாரு?’

‘அவரு பாவம், நல்லாத்தான் பேசறாரு. அனுபவம் பத்தல, அடுத்த எடத்துல கத்துக்குவீங்கங்கறாரு. அடுத்த எடம்னுட்டாருண்ணா.’ சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகி நின்றது. ‘எங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஒங்க இங்கிலீஷ் ரொம்பத் தெளிவுண்ணா, அதை நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், ஒங்களுக்கே தெரியும். அந்தத் தேவசகாயம் சார் எழுதுனதா இருந்தா புரியலன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். இது புரியுதே, அதுதான் பிரச்சின.’

‘பாத்துச் சொல்றேம்மா.’

‘நீங்க பாத்தாச் சரியா இருக்கும்ணா. வெச்சர்றேன், தூங்குங்க.’

பாத்துச் சொல்றேம்மா. வாய் தானாகவே அதைச் சொல்லிற்று, வழுக்கிக்கொண்டு, எண்ணெய் போட்ட கதவு மாதிரி. தப்பு உன்னுது இல்ல, என்னுது என்று நாலே நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். பதினோரு தடவை படித்திருக்கிறாள். நான் எழுதிய எதையும் யாராவது இரண்டாம் தடவை படித்ததாக எனக்குத் தெரியாது. உடுமலையில் டிடிபி சென்டர் வைத்திருந்த காலத்தில் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடிக்க வருவார்கள், கையெழுத்துத் தாள்களைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், நான் டைப் அடிக்கும்போதே வளவளா என்று இருப்பதை வெட்டிச் சீராக்குவேன், யாரும் கேட்காமல். அப்படித்தான் ஆங்கிலம் வந்தது, அப்படித்தான் கம்ப்யூட்டரும் வந்தது, பிறத்தியார் தாளிலிருந்து, அவர்கள் சொன்னது என்ன என்று தெரியாமலே அவர்கள் சொன்ன விதத்தைத் திருத்தித் திருத்தி. ஒரு பையன் ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு சமன்பாட்டின் விளக்கத்தை அரைப் பக்கம் குறைத்துவிட்டேன், வைவா வாய்மொழித் தேர்வில் புரொஃபசர் அவனைக் கிழித்துவிட்டாராம், திரும்பி வந்து, ‘அண்ணே, அங்க நாலு வரி இருந்துச்சே?’ என்றான். ‘நீ கொடுத்ததுல இல்லையேப்பா’ என்றேன். கையெழுத்துத் தாள் மேசை டிராயருக்குள் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இதை நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பது உண்மையா, இல்லை அதையும் வழுவழுப்பாக்கி வைத்திருந்தேனா. அவன் முகம் ஞாபகமில்லை, சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, அதுதான் ஞாபகம். அப்போதே நான் இந்த ஆள்தான். மெமரி, தொகுப்பு, விதிவிலக்கு இதெல்லாம் படிக்காததால் நேர்ந்தது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேனே, படிப்புக்கும் இதற்கும் என்ன. தெரியாது என்பதில் ஒரு தப்பும் இல்லை. தெரியாததை அழகாக்குவதுதான்.

மறுபடி போன். சுகந்தி.

‘சாப்ட்டீங்களா?’

‘இன்னும் இல்ல.’

‘மணி ஒண்ணேகாலாச்சு. ஹாட்பாக்ஸ்ல முட்டைக் கொழம்பு இருக்கு, ரெண்டு முட்டை, ரெண்டையும் சாப்பிடணும். ஒரு வாரமா முட்டைய ஒதுக்கி வெக்கறீங்க, என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறீங்க.’

‘வேலை இருக்கு சுகந்தி.’

‘பகல்லயும் எழுத ஆரம்பிச்சாச்சா? நல்லா எழுதுங்க. யாரு படிக்கறாங்கன்னு கேட்டா மட்டும் ஒருத்தனும் படிக்க மாட்டான்னு சிரிப்பீங்க. படிக்காத ஒண்ணை எதுக்கு இத்தன இழைக்கணும், சந்தனக்கட்டை மாதிரி?’

‘ஒருத்தங்க படிச்சிருக்காங்க’ என்றேன்.

‘அட. நல்லா இருக்குன்னாங்களா?’

‘நல்லா இருக்குன்னாங்க.’

‘அப்புறமென்ன, சாப்பிடுங்க.’ வைத்துவிட்டாள். பாவம், சந்தோஷமாக வைத்தாள்.

ஒருத்தனும் படிக்க மாட்டான் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற வேடிக்கைதான். நானும் சொல்வேன், சொல்லும்போது உள்ளே ஒரு இடம் வலிக்கும், யாராவது மறுத்துப் பேச மாட்டார்களா என்று இருக்கும். நிலோஃபர் அந்தக் குழுவுக்கு வந்த புதிதில் கையேட்டை அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ராத்திரி முழுக்க வேலை ஓடவே இல்லை, காபி மெஷினுக்கும் இருக்கைக்குமாக நடந்துகொண்டிருந்தேன், ஒரு மனுஷி என் வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள் என்று. நாலு புள்ளி மூன்றிலும் கோடு இருந்தது. நான் வெட்டி எறிந்த இடத்துக்கு நேர் மேலே, அந்தச் சுத்தமான பத்திக்கு, மஞ்சளாக. என்னை நம்பின ஒரே ஆள், நம்பினதால் கெட்டாள். நான் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கிருபாகரன் ஆறாவது பதிப்பைத் திறப்பார், ஐந்தாவதைத் திறப்பார், பிறகு நான் சொல்நடை மட்டும் என்று போட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார்கள், எழுநூறு எண்ணூறு இருக்கும், அதில் இன்னும் எத்தனை இடத்தில் யாருடைய துண்டை எடுத்து எறிந்திருக்கிறேனோ. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் சார் என்று யாராவது மரியாதையாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுகிறேன், வேலை போவதற்குக்கூட இல்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் அறையில் ஏசி எவ்வளவு சத்தம் போடும் என்பதுவரை எனக்குத் தெரிகிறது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. திருப்பிக் கொடுக்கும் அவசியம் எழாது. ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. அவள் வேறெங்கோ போய் உட்கார்ந்து, ஒரு பத்தியைப் பதினோரு தடவை படித்துவிட்டு, தனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று, வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஒன்று நாற்பது. திரையில் இருந்த வழுவழுப்பை அழித்தேன். ஐந்தாவது பதிப்பைத் திறந்து தேவசகாயத்தின் வாக்கியத்தை எடுத்தேன், மூன்று கூடாது, அடைப்புக்குறி, அதற்குள் இன்னொரு கூடாது, ஒரு எழுத்தையும் தொடாமல் அப்படியே கொண்டுவந்து இறக்கினேன். பத்தி உடனே அசிங்கமாகிவிட்டது. கை பழக்கத்தில் ஒரு கூடாதைத் தடவிப் பார்த்தது, விட்டுவிட்டேன். பொருள் திருத்தம். மூன்று கட்டங்கள் திறந்தன. எந்தப் பதிப்பிலிருந்து: ஆறு. யாரால்: பெயர்ப் பட்டியல் இறங்குகிறது, நான் எத்தனையோ பேரைத் தேடி எடுத்த பட்டியல், அதில் என் பெயர் எங்கே இருக்கும் என்று இதுவரை தேடியதே இல்லை, கார்த்திகா என்கிற பெயருக்கு முன்னால் இருந்தது. என்ன தவறு. ‘எச்சரிக்கை வாக்கியம் ஒன்று ஆறாவது பதிப்பின் மறுசீரமைப்பின்போது விடுபட்டுவிட்டது’ என்று எழுதினேன். படித்தேன். நன்றாக வந்திருந்தது. மறுசீரமைப்பாம், விடுபட்டுவிட்டதாம், வாக்கியமே எழுந்து நடந்து போன மாதிரி. இப்போதுமா, இந்தக் கட்டத்துக்குள்ளுமா. அழித்தேன். எழுதினால் அழகாகிறது, அழித்தால் ஒன்றுமே இல்லை, வெயில் பொட்டு லேப்டாப்பை விட்டு இறங்கி என் முழங்காலில் இருந்தது, ஒன்று ஐம்பத்தைந்து, கீழ்முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, கடைசியில் ருக்குமணியக்காவிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வேன் என்று யோசித்து எழுதினேன். ‘இந்த எச்சரிக்கையை நான் எடுத்துவிட்டேன். அது எனக்குப் புரியவில்லை. புரியாததை யாரிடமும் கேட்கவில்லை. ஹேச்சரியில் நடந்ததற்குக் காரணம் இதுதான். இந்தப் பத்தியைப் படித்து நிரல் எழுதியவர் சரியாகத்தான் படித்தார், சரியாகத்தான் எழுதினார்.’ அனுப்பு. வட்டம் சுற்றியது. ஒன்று ஐம்பத்தெட்டு. நூற்று நாற்பது பேரில் நானும் ஒருவன், என் போனிலும் அந்த மெயில் வந்து விழுந்தது, என் பெயரை வேறு யாரோ எழுதியதுபோலப் படித்தேன். எழுந்து நின்றேன், எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்தேன். லேசாகிவிடும் என்று ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆகவில்லை என்பது தெரிந்தது.

இரண்டு மணி ஆறு நிமிடம். நிலோஃபர்.

எடுத்தேன். அவள் பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், கண்ணாடிக் கதவு, கிருபாகரனின் குரல் தள்ளி நின்று, ‘அந்தப் பேப்பர் வேண்டாம் நிலோஃபர், அதைக் கிழிச்சுப் போடுங்க, உள்ள வாங்க.’

‘படிச்சேன்’ என்றாள்.

‘ம்.’

‘பன்னண்டே முக்காலுக்கு நான் போன் பண்ணேனே. அப்பவே தெரியுமா?’

ஆமாம் என்பதற்கு எத்தனை விதம் உண்டு, எல்லாமே வந்து வரிசையாக நின்றன.

‘வெள்ளிக்கெழமையே தெரியும்மா.’

அவள் போனை வைத்துவிடவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று இன்னும் ஒரு வினாடி, இரண்டு வினாடி கொடுத்தாள். வெக்கமா இருந்துச்சும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதுவும் சொல்லிவிட்டால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று பட்டது, மூடிக்கொண்டேன்.

‘சரிங்க சார்’ என்றாள் நிலோஃபர். ‘உள்ள கூப்பிடறாங்க.’